நூற்காவலர் நூலகரான வரலாறு

கல்லூரி ஒன்றின் செல்வங்களை எண்ணப் புகுவோர் அதன் கட்டடங்களை எண்ணுவர். ஆய்வுகூடங்களையும் விளையாட்டு மைதானத்தையும் எண்ணுவர். நூலகத்துக்கு வரும்போது ஆங்குள்ள நூல்களின் தொகையைக் கூறி அமைவர். அந்நூல்களிடையே அமர்ந்திருக்கும் மனிதரை அக்கணக்கிற் சேர்ப்பார் அரியர். மாணாக்கன் ஒருவனிடத்து நூலகர் என்னும் சொல்லை உரைத்தால் அவன் உள்ளத்தில் எழும் உருவம் யாது? கையிலே திறப்புக் கோவை, மேசையிலே தண்டப்பணப் புத்தகம், வாயிலே பேசாதிருக்கும்படி அதட்டும் ஓர் உரை. இவையே அவ்வுருவின் அடையாளங்கள்.

இவ்வுருவம் வெறுங் கற்பனையன்று. இதற்கு நெடிய வரலாற்றுக் காரணம் உண்டு. பல நூற்றாண்டுக் காலமாக நூலகர் எனப்பட்டவர் உண்மையிலேயே காவலராகத்தான் இருந்தார். அவர் வழிகாட்டியாக மாறியது ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு எல்லைக்குள் நிகழ்ந்த செய்தி. மாற்றம் நூலகரிடத்து நிகழ்ந்துவிட்டது. நூலகத்துக்குச் செல்வாரிடத்து அஃது இன்னும் நிகழவில்லை என்பதே எமது கருத்து. அதனாலே நமது கல்லூரி நூலகங்களின் பாதிப் பயன் வீணே கழிகின்றது. அம்மாற்றம் எவ்வாறு வந்தது என்பதை அறிந்தவன் நூலகரின் மேசையை அணுகும் முறையே வேறாக இருக்கும்.

பழங்காலத்து நூலகர் காவலர் அல்லர், பெரும்புலவர் என்பதை முதற்கண் நினைவுகூர்தல் வேண்டும். கி. மு. 3 ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் விளங்கிய நூலகத்திலே கலிமாக்கஸ் என்னும் கவிஞர் ஆங்கிருந்த கிரேக்க நூல்களை ஆசிரியர் வாரியாகவும் துறை வாரியாகவும் வகுத்து 120 சுருள்களில் ஒரு பெரும் பட்டியல் அமைத்தார். அவருக்குப் பின் அந்நூலகத் தலைமையை ஏற்ற அரிஸ்தோபனிஸ் என்பாரைப் பற்றி உரோமக் கட்டடக் கலைஞர் விற்றூவியஸ் கூறும் வரலாறு சுவையானது. தொலமி மன்னன் கவிதைப் போட்டி ஒன்றை நடத்தினான். நடுவர் அறுவர் கிடைத்தனர், ஏழாமவர் கிடைத்திலர். நூலகத்திலே நாள்தோறும் நூல்களை வரிசையாகக் கற்றுவரும் ஒருவர் உளர் என்று நூலக அதிகாரிகள் கூற, அரிஸ்தோபனிஸ் அழைக்கப்பட்டார். அவையோர் கைதட்டிப் புகழ்ந்த கவிஞருக்கு ஏனை அறுவரும் முதலிடம் அளித்தனர். அரிஸ்தோபனிஸோ எவரும் விரும்பாத ஒருவனையே முதல்வன் என்றார். மன்னன் சினந்தான். அவன் ஒருவனே தன் சொந்தக் கவிதையைப் பாடினான், மற்றையோர் பாடியவை களவுப் பொருள்கள் என்று கூறிய அரிஸ்தோபனிஸ், நினைவிலிருந்தே இன்ன அலுமாரியில் இன்ன சுருள் என்று சொல்லி அவற்றை எடுப்பித்து, அவர்கள் பாடியவற்றோடு ஒப்பிட்டுக் காட்டினார். களவாடியோர் தாமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவரையே நூலகத்துக்குத் தலைவராக்கினான் மன்னன்.

இவ்வரலாற்றில் எத்துணைப் பகுதி உண்மை, எத்துணைப் பகுதி அழகுக்காகச் சேர்ந்தது என்று ஆராய்வார் ஆராய்க. நூல் இருக்கும் இடத்தையும் நூலுள் இருக்கும் பொருளையும் ஒருங்கே அறிந்தவரே நூலகர் என்னும் எண்ணம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகும்.

அவ்வெண்ணம் இடைக்காலத்தில் மறைந்தது. காரணம் யாதெனில், நூல் என்பது கையால் எழுதப்பட்ட அரும்பொருளாய் இருந்தமையே. தோலில் எழுதிய ஒரு பெரிய நூலின் விலைக்கு நிலமே வாங்கத்தகும் காலம் அது. ஐரோப்பாவின் மடங்களிலும் கல்லூரிகளிலும் நூல்களை இரும்புச் சங்கிலியால் இறாக்கையோடு பிணித்து வைத்தனர். சங்கிலி நூலின் முன்விளிம்பிற் பூட்டப்பட்டதாகலின், நூலின் முதுகு உட்புறமாகவும் தாள்களின் விளிம்பு வெளிப்புறமாகவும் தோன்ற அவற்றை அடுக்கினர். படிக்க விரும்புவோன் சங்கிலி எட்டும் தூரத்திலே நின்றோ அமர்ந்தோ படித்தல் வேண்டும். இங்கிலாந்தின் ஹெரிபோட் தேவாலயத்தில் இத்தகைய சங்கிலி நூலகம் ஒன்றை இன்றும் காணலாம்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழக நூலகத்தின் கதை இவ்விடத்து நன்கு பொருந்தும். ஆங்கிருந்த பழைய நூற்றொகுதி 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சமயக் கலகத்தாற் சிதறிப்போயிற்று. வெற்றறையாய்க் கிடந்த அதனைச் சேர் தோமஸ் பொட்லி என்பார் தம் பொருள் கொண்டு புதுப்பித்து 1602 இல் திறந்துவைத்தார். 1605 இல் அதன் பட்டியல் அச்சிடப்பட்டது. நூலகத்துள் நெருப்போ விளக்கோ கொண்டுவாரேன் என்று படிப்போர் உறுதிமொழி கூறல் வேண்டும் என்பது விதி. எந்நூலும் எவர்க்கும் இரவலாக வெளியே செல்லுதல் ஆகாது என்பதும் விதி. 1645 இல் உள்நாட்டுப் போரின்போது ஒக்ஸ்போட்டில் தங்கியிருந்த முதலாம் சாள்ஸ் மன்னன் ஒரு வரலாற்று நூலை இரவல் கேட்டு ஆளனுப்பினான். நூலகர் விதிப் புத்தகத்தைக் காட்டினார். மன்னனும் அதற்கு இணங்கி விட்டுக்கொடுத்தான். விதியின் முன் அரசனும் குடியும் ஒன்றே என்பதை இதனினும் அழகாக எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி அரிது. ஆயினும், நூலகரின் பெருமை நூலைக் கொடாமையில் இருக்கின்றது என்னும் எண்ணத்தின் உச்சியும் இதுவே.

நமது நாட்டு மரபையும் இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம். ஏட்டுச் சுவடிகளைப் பட்டிலும் துணியிலும் பொதிந்து பரணில் வைத்து, நவராத்திரிக்கு நவராத்திரி எடுத்துப் பூசித்து மீண்டும் பரணில் ஏற்றிய குடும்பங்கள் பல. நூலுக்குச் செய்யும் மரியாதை அது என்று அவர் கருதினர். செல்லோ அவ்வாறு கருதவில்லை. ஓலை என்பது கையாண்டும் எண்ணெய் பூசியும் காலத்துக்குக் காலம் பெயர்த்தெழுதியும் காக்கப்பட வேண்டிய பொருள். தீண்டாது வைத்த ஓலையே முதலில் அழிந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் ஒரே ஆண்டில், 1887 இல், அச்சேற்றினர். அவ்விருவரும் ஊர் ஊராகத் திரிந்து தேடிய ஏடுகளுட் பல, வைத்திருந்தார்க்கே தம்மிடம் என்ன இருக்கின்றது என்று தெரியாத நிலையிற் கிடந்தவை. தஞ்சைச் சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு ஏ. சி. பேர்னல் அமைத்த பட்டியல் 1880 இல் வெளிவந்த பின்னரே அத்தொகுதியின் பரப்பை வெளியுலகம் அறிந்தது. பட்டியலும் இன்றி, அறிந்து சொல்வாரும் இன்றி இருக்கும் நூல் இல்லாத நூலுக்குச் சமம்.

காவல் ஒன்றே நூலைக் காவாது என்பதற்கு அமெரிக்க நாட்டு ஹாவாட் கல்லூரியில் நிகழ்ந்த ஒரு துயரம் சான்று. 1764 ஜனவரி மாதத்திற் பனிப்புயல் வீசிய ஓர் இரவில் அக்கல்லூரியின் மண்டபம் எரிந்தது. ஏறக்குறைய 5,000 நூல்கள் அதனொடு சாம்பராயின. எஞ்சியவை சுமார் 400. அவை எவை தெரியுமா? வந்திறங்கிப் பெட்டி பிரிக்கப்படாதிருந்தவை சில. மற்றையவை வாசகர் இரவல் பெற்றுத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுசென்றிருந்தவை. அக்கல்லூரிக்குத் தம் பெயரை ஈந்த ஜோன் ஹாவாட் 1638 இல் விட்டுச்சென்ற நூல்களுள் ஒன்றே ஒன்று அவ்வாறு இரவலிற் போயிருந்தமையால் இன்றும் உளது. பூட்டுக்குள் இருந்தவை அழிந்தன. கையில் இருந்தவை பிழைத்தன.

மாற்றத்தின் ஆண்டு 1876. அவ்வாண்டில் இரு நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் நடந்தன. இரண்டும் நம் கல்லூரி நூலகத்துள் இன்றும் வாழ்கின்றன. முதலாவது, மெல்வில் டூயி தமது தசமப் பகுப்பை 44 பக்கங்கொண்ட சிறு நூலாக வெளியிட்டமை. அதன் கரு அவருக்கு அம்ஹேஸ்ற் கல்லூரியில் மாணாக்கராகவும் நூலக உதவியாளராகவும் இருந்த 1873 இல் உதித்தது. அதற்கு முன் ஒரு நூலின் எண் என்பது அது நிற்கும் அலுமாரியையும் தட்டையும் குறித்ததேயன்றி, நூலின் பொருளைக் குறித்ததன்று. புதிய நூல்கள் வந்து அலுமாரி நிறைந்தால் எண்கள் யாவும் குழம்பும். டூயி எண்ணைத் தட்டிலிருந்து பிரித்துப் பொருளோடு பிணித்தார். அறிவுத்துறை அனைத்தையும் பத்துப் பெருவகுப்பாக்கி, ஒவ்வொன்றையும் பத்தாகவும், அதனை மீண்டும் பத்தாகவும் வகுத்தார். எத்தனை நூல் வந்தாலும் தன் இனத்தோடு தானே சென்று சேரும்.

அப்பகுப்பிற் குறையில்லை என்று எவரும் கூறார். சமயத்துக்குரிய 200 ஆம் பெருவகுப்பின் மிகப்பெரும் பகுதியைக் கிறித்தவத்துக்கு ஒதுக்கி, உலகத்து ஏனைய சமயங்கள் யாவற்றையும் 290 என்னும் ஒரே மூலைக்குள் அவர் நெருக்கினார். சைவ சித்தாந்த நூல்கள் 294.5 என்ற எண்ணின் பின் நீண்ட வால்களோடு நிற்பதற்குக் காரணம் அதுவே. டூயியின் தனிவாழ்க்கை ஒழுக்கமும் கண்டனத்துக்கு உள்ளாகி, அமெரிக்க நூலகச் சங்கம் 2019 இல் ஒரு விருதிலிருந்து அவர் பெயரை நீக்கிற்று. எனினும் கருவி கருவியே. அதனைப் பயன்கொள்ளாது விடுதல் நமக்கே நட்டம்.

இரண்டாவது நிகழ்ச்சி அத்துணைப் பேர்பெற்றதன்று. ஆயினும் எம் கருத்தில் அதுவே பெரிது. 1876 ஒக்ரோபர் மாதம் பிலடெல்பியாவில் நூலகர் மாநாடு கூடி அமெரிக்க நூலகச் சங்கத்தைத் தோற்றுவித்தது. மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தொழில்நகராகிய வூஸ்ரரின் பொதுநூலகத் தலைவர் சாமுவேல் கிறீன் ஆங்கு வாசகருக்கும் நூலகருக்கும் இருக்கவேண்டிய தனிப்பட்ட உறவு பற்றி எடுத்துரைத்தார். வாசகர் பலர் தமக்கு வேண்டியது யாது என்று கூற நாணுகின்றனர். தம் அறியாமை வெளிப்படும் என்று அஞ்சுகின்றனர். ஆதலின் நூலகரே இன்முகம் காட்டி அந்நாணத்தைப் போக்குதல் வேண்டும் என்பது அவர் உரையின் கருத்து. கைத்தொழிலாளனும் பள்ளிச் சிறுவனும் நகரப் பிரமுகரும் கொணரும் கேள்விகளைச் சமமாக ஏற்று, உரிய நூலை எடுத்துக் கொடுப்பதோடு அதனைக் கையாளும் வகையையும் காட்டுதல் நூலகரின் கடமை என்றார் அவர். உசாத்துணைச் சேவை என்று இன்று நாம் வழங்கும் தொண்டுக்கு அடிக்கல் அதுவே. ஏறத்தாழ எட்டாண்டுகளின் பின் கொலம்பியாக் கல்லூரி நூலகத்திலே, டூயியின் தலைமையில், மாணாக்கரின் கேள்விகளுக்கு விடை தேடித் தருவதையே தொழிலாகக்கொண்ட அலுவலர் அமர்த்தப்பட்டனர்.

இவ்வெண்ணத்தைத் தமிழ்நாட்டிற் செயற்படுத்தி, அதற்குத் தத்துவ வடிவமும் தந்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். அவர் நூலகத்துக்கு வந்த வழி விசித்திரமானது. 1892 இற் பிறந்த அவர் கணிதத்தில் எம். ஏ. பட்டம் பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராய் இருந்தார். 1924 ஜனவரியிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்றார். நாள் முழுதும் கேட்பார் எவருமின்றி நூல்களிடையே தனித்திருத்தல் அவருக்குச் சிறைவாசம் போலத் தோன்றிற்று. சில நாள்களுள் மாநிலக் கல்லூரிக்குச் சென்று, தம்மை மீண்டும் ஆசிரியராக ஏற்கும்படி வேண்டினார். இலண்டனுக்குப் பயிற்சிக்குச் சென்று வருக. அதன் பின்னும் மனம் மாறாதிருப்பின் பழைய இடத்துக்கு வரலாம் என்று அக்கல்லூரி அதிபர் விடையளித்தார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே நூலகவியல் கற்ற அவர், ஆசிரியர் பெர்விக் சேயேர்ஸின் ஆலோசனைப்படி நூலகங்கள் பலவற்றைச் சென்று பார்த்தார். ஆங்கெல்லாம் சிறுவரும் தொழிலாளரும் பெண்டிரும் நூலகத்தைத் தம் வீடுபோல வழங்குவதைக் கண்டார். நூலகம் என்பது நூல் கிடக்கும் இடமன்று, ஊர்க் கல்வியின் ஊற்று என்னும் உணர்ச்சி அவருக்கு அங்கேதான் பிறந்தது. இலண்டன் கடையொன்றிற் பார்த்த மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருள், சிறுசிறு துண்டுகளை இணைத்துப் பல உருவங்களைச் செய்வது, கோலன் பகுப்பு என்னும் புதிய முறையின் கருவை அவருக்குத் தந்தது. அம்முறை 1933 இல் நூலாக வெளிவந்தது. இலங்கையின் கல்லூரிகளில் டூயியே நிலைபெற்றுவிட்டமையால் அதனை விரித்தல் ஈண்டு வேண்டா.

1925 இற் சென்னைக்கு மீண்டவர் கணிதத்தை நாடவில்லை. பூட்டிய அலுமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகர் இறாக்கைகளிடையே தாமே சென்று நூலைத் தொட்டு எடுக்க விடுத்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1928 இற் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். நூலகத் தொழிலின் கோட்பாடுகளைச் சில விதிகளாகச் சுருக்க அவர் முயன்றுகொண்டிருந்தபோது, பழைய கணித ஆசிரியராகிய எட்வேட் றொஸ் என்பார் பேச்சுவாக்கில் முதல் விதியை எடுத்துக்கொடுத்தார் என்று இரங்கநாதனே நன்றியோடு கூறியுள்ளார். ஐந்து விதிகளும் 1931 இல் நூலாயின. நூல் பயன்படுவதற்கே, வாசகன் எவனாயினும் அவனுக்குரிய நூல் அவனை அடைதல் வேண்டும், நூல் எதுவாயினும் அதற்குரிய வாசகனை அது கண்டடைதல் வேண்டும், வாசகனின் காலம் வீணாகலாகாது, நூலகம் வளரும் உயிரினத்தை ஒத்தது. எளிமையாகத் தோன்றும் இவ்விதிகளை ஒக்ஸ்போட்டின் பழைய விதிப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தால் எத்துணைத் தூரம் கடந்து வந்துள்ளோம் என்பது விளங்கும்.

இவ்விதிகளுள் இரண்டாவதும் மூன்றாவதும் தாமாக நிறைவேறா. வாசகனையும் நூலையும் ஒருங்கே அறிந்த ஒருவர் இடைநின்று இணைத்தால் அன்றி அவை வெற்றுரையே. அதனாற்றான் உசாத்துணைச் சேவையையே நூலகத் தொழிலின் முடியாக இரங்கநாதன் மதித்தார். பட்டியல் எழுதுவதும் எண் இடுவதும் அடுக்கி வைப்பதும் அனைத்தும் அந்த ஒரு கணத்துக்கான ஆயத்தங்களே. வாசகன் ஒருவன் கேள்வியோடு வந்து நிற்கும் கணத்துக்கான ஆயத்தங்கள். ஆசிரியராய் இருந்த ஒருவர் நூலகரானமையின் பயன் இதிற் தெரிகின்றது. 1972 இல் அவர் மறைந்தபோது உலகத்து நூலகவியலார் தம் ஆசானை இழந்தனர்.

யாழ்ப்பாணத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. க. மு. செல்லப்பா என்பார் தம் இல்லத்தில் 1933 இல் தொடங்கிய இலவச வாசிப்பு முயற்சி, 1934 ஓகஸ்ற் 1 ஆந் திகதி வாடகைக் கட்டடம் ஒன்றில் நூலகமாகி, 1935 இல் நகர சபையின் பொறுப்பில் வந்தது. அதற்குப் பெருங் கட்டடம் அமைக்க எண்ணியபோது இரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் ஆக்கினார். 1959 ஒக்ரோபர் 11 இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981 மே 31 ஆந் திகதி இரவு தீயிடப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் அழிந்தமை எவரும் அறிந்தது. அன்று அங்கு இருந்தவற்றுட் சிலவற்றின் வேறு பிரதிகள் பின்னர் எங்கிருந்து கிடைத்தன? தனியார் வீட்டு அலுமாரிகளிலிருந்தும் பள்ளிக்கூட, கல்லூரி நூலகங்களின் மூலைகளிலிருந்துமே கிடைத்தன. 2005 இல் தோன்றிய நூலகம் என்னும் மின்னூலகத்துக்கு எண்ணிம வடிவில் வந்து சேர்ந்த பழைய வெளியீடுகளும் அவ்வாறு பலர் கையிற் சிதறிக் கிடந்தவையே. ஹாவாட் தீயின் கதை ஈண்டும் ஒருவாறு பொருந்துகின்றது.

இனி நம் கல்லூரி நூலகத்துள் நுழைவோம். உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவனுக்கு யாழ்ப்பாண அரசு பற்றி ஓர் ஒப்படை கொடுக்கப்படுகின்றது என்று கொள்வோம். அவன் இலங்கை வரலாற்று நூல்கள் நிற்கும் 954.93 என்னும் எண்ணுக்கு நேரே செல்கின்றான். ஆங்கு நிற்கும் இரண்டொரு நூல்களை ஏற்கெனவே வேறொருவன் இரவலாகக் கொண்டுபோய்விட்டான். ஒன்றுமில்லை என்று கூறித் திரும்புகின்றான். நூலகத்தில் உண்மையிலே ஒன்றுமில்லையா? 1344 இல் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு பேசிய இபின் பதூதாவின் பயண நூல் 910 ஐச் சார்ந்த பயணப் பகுதியில் நிற்கின்றது. சேது என்னும் எழுத்துப் பொறித்த நாணயங்களைப் பற்றிய ஆய்வு 737 இல் நிற்கின்றது. கோயிற் கட்டடம் பற்றியது 726 இல். ஒல்லாந்தர் காலத்து மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை, தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811 இற் சேர்க்கப்பட்டிருத்தலும் கூடும். பிறிற்றோ 1879 இல் வெளியிட்ட அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வேறிடத்தில் இருத்தலும் கூடும். இராசநாயக முதலியாரின் 1926 ஆம் ஆண்டு நூல் பழையதாகலின் உசாத்துணைப் பகுதியில், இரவல் கொடாத அலுமாரிக்குள் இருக்கலாம். பொருள் ஒன்று, எண்கள் ஐந்தாறு. எப்பகுப்பு முறையாயினும் ஒரு நூலை ஓரிடத்தில் மட்டுமே நிறுத்தவல்லது. சிதறியவற்றை ஒன்றுசேர்த்துக் காட்டவல்லவர் நூலகர் ஒருவரே. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மாணாக்கன் கைநிறைய நூல்களோடு திரும்பியிருப்பான்.

கேட்கும் முறையும் ஒன்றுண்டு. வரலாற்றுப் புத்தகம் ஒன்று தாருங்கள் என்று கேட்பவனுக்கு எந்நூலகரும் உதவ இயலாது. வைத்தியரிடம் சென்று மருந்து தாருங்கள் என்று மட்டும் கேட்பதை ஒக்கும் அது. இன்ன பொருள், இன்ன காலம், இத்தனை பக்கம் எழுதவேண்டும், இன்னவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று கூறுபவனுக்கு உதவுதல் எளிது. அனுபவம் வாய்ந்த நூலகர் முதற் கேள்வியோடு அமைய மாட்டார். இரண்டு மூன்று கேள்வி திருப்பிக் கேட்டு, மாணாக்கன் வாயாற் கேட்டதை விட்டு மனத்தால் வேண்டுவதைக் கண்டுகொள்வார். அக்கேள்விகளை விசாரணை என்று எண்ணி முகம் சுளிப்பாரும் உளர். அவர் இழப்பது சிறிதன்று.

நூலகர் ஒருவரை மட்டும் கூறி விடுதலும் நீதியன்று. மாலையில் மேசைகளிற் கிடக்கும் நூல்களைச் சேர்த்து இறாக்கைகளில் மீள அடுக்கும் உதவியாளரை மாணாக்கர் பொருட்படுத்துவதில்லை. எந்நூலைப் பலர் எடுக்கின்றனர், எந்நூல் தவறிடத்தில் நிற்கின்றது, பச்சை அட்டையிட்ட அந்தப் பழைய அகராதி எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றது என்பவை பட்டியலுக்குத் தெரியா, அவருக்குத் தெரியும். தேர்வு நெருங்குங் காலத்தில் தான் மட்டும் எடுக்கும்பொருட்டு நூலை வேறு தட்டில் மறைத்து வைக்கும் மாணாக்க மரபு மிகப் பழையது என்பதை இப்பக்கங்களைப் படிக்கும் பழைய மாணவர் மறுக்கமாட்டார்.

ஆசிரியராகிய எம்மையும் சிறிது நொந்துகொள்ளல் வேண்டும். குறிப்புச் சொல்லி எழுதுவிக்கும் வகுப்பில் நூலகத்துக்கு இடமில்லை. ஒப்படை கொடுக்கும் ஆசிரியரிலும் பலர், நாற்பது மாணாக்கரை ஒரே நாளில் ஒரே நூலைத் தேடி அனுப்பிவிட்டு, நூலகருக்கு ஒரு சொல் முன்னரே கூறுவதில்லை. ஒரு வாரத்துக்கு முன் கூறியிருந்தால் அந்நூலை இரவற் பகுதியிலிருந்து எடுத்து, வாசிப்பு மேசையில் வைத்து, அதனோடு சார்ந்த சஞ்சிகைக் கட்டுரைகளையும் அவர் சேர்த்து வைத்திருப்பார். தவணைத் தொடக்கத்தில் ஆசிரியர் தம் பாடத்திட்டத்தின் ஒரு பிரதியை நூலகரிடம் கொடுத்தல் என்னும் சிறு வழக்கம், புதிதாக நூறு நூல் வாங்குவதினும் மிகுந்த பயன் தரும் என்று துணிந்து கூறுவோம்.

வெளிவாரி மாணாக்கனாகப் பட்டம் பயின்ற இக்கட்டுரையாளனுக்கு இவ்விடயத்திற் சிறிது பற்று மிகுதி. முன்னைய தலைமுறையில் இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரித் தேர்வுக்குத் தாமே படித்துத் தேறிய யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர். அவருக்கும் எமக்கும் பொதுவானது ஒன்று: விரிவுரை மண்டபம் இல்லை, விரிவுரையாளர் இல்லை. நூலைப் பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க எமக்குக் கற்பித்தவர் ஒரு நூலகர். முதலிற் சுட்டியைப் பார். நீ தேடும் சொல் அதில் உண்டா என்று காண். பின்னர் நூலாசிரியர் எந்நூல்களை ஆதாரமாகக் கொண்டார் என்பதைப் பார். அவற்றுள் எவை இந்நூலகத்தில் உண்டு என்று என்னிடம் கேள் என்பார் அவர். ஒரு நூல் பத்து நூல்களுக்கு வாயிலாகும் வகை அதுவே. பட்டப்படிப்பின் எந்தப் பாடத்திலும் இதனை எவரும் கற்பிக்கவில்லை.

தேடுபொறியும் கைத்தொலைபேசியும் வந்தபின் நூலகர் எதற்கு என்று கேட்பார் உளர். அவை நொடியில் ஆயிரம் விடை தருகின்றன என்பது மெய்யே. ஆயிரத்துள் எது நம்பத்தக்கது, எது ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெயர்த்தெழுதியது என்று பிரித்தறிதல் வேறு வேலை. அரிஸ்தோபனிஸ் மன்னனின் அவையிற் செய்த வேலையும் அதுவேயன்றோ?

இறுதியாக ஒரு செய்தி. பழைய கல்லூரி ஒவ்வொன்றினதும் நூலகத்தின் பின்னறையில் ஓர் அலுமாரி இருக்கும். பழைய ஆண்டு மலர்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், நாடக விழா அழைப்பிதழ்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டார் அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டி நூல்கள் என்பன அதனுட் குவிந்திருக்கும். அவற்றுட் பெரும்பகுதிக்குப் பட்டியல் அட்டையும் இல்லை, பகுப்பெண்ணும் இல்லை. எந்தப் பெட்டியில் என்ன உண்டு என்பது பல ஆண்டு பணிபுரிந்த நூலகரின் நினைவில் மட்டுமே உளது. அவர் ஓய்வுபெறும் நாளில் அந்நினைவும் அவரோடு வீட்டுக்குச் சென்றுவிடும். உயர்தர வகுப்பு மாணாக்கர் நால்வர், ஒரு விடுமுறை, கோடிட்ட கொப்பி ஒன்று, அருகிலே நூலகர் அமர்ந்து சொல்ல ஒரு கதிரை. இவ்வளவு இருந்தால் அவ்வலுமாரியின் பட்டியலை எழுதி முடிக்கலாம். வருகின்ற ஆண்டிறுதி விடுமுறைக்கு இதனை எமது வரலாற்று மன்றத்தின் முதல் வேலையாக வைத்துள்ளோம்; பழைய மாணவருள் விருப்பமுடையோரும் வந்து கலந்துகொள்ளலாம்.